வெட்டாத பிரதியின் கடைசிப் பத்து நிமிடம்

இன்று காலை, திருத்தக் கொடுத்த வானொலியை எடுக்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே நமது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டேன். பளபளக்கும் உறைக்குள் ஒரு டிவிடித் தட்டாக இருந்தது. உறையில் கதாநாயகியின் முகம். யாரோ அதற்கு நிறம் பூசி, உப்பளத்துக் கூலிக்காரிக்கு உதட்டுச் சாயம் போட்டுவிட்டிருந்தார்கள். நீ கண்டிருந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். கீழே சிவப்பு எழுத்தில் "வெட்டாத மூலப் பிரதி, எல்லாப் பாடல்களுடனும்" என்று போட்டிருந்தது.

"எடுங்கோ அன்ரி, இது முழுப் படம்," என்றார் கடைக்காரர். "வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் கேட்டுக் கேட்டுத்தான் இப்பிடித் திரும்ப விட்டிருக்கினம்."

கேட்டுக் கேட்டு! அவர்களுக்கு முன்பே கேட்டவர்கள் முரசுமோட்டையில் இருந்தார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.  வானொலியை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போய் இத்தனை வருடம் ஆகியும் அந்தப் படத்தைக் கண்டால் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடிவதில்லை. அதற்கான காரணத்தை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த கந்தோரில் எல்லோரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். நீ மட்டும் "அக்கா கொஞ்சம் கூட யோசிக்கிறவங்க" என்று மரியாதையாகச் சொல்வாய். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன், உன் காணிக்கு அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர், தனி ஆள், கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறவள். நீ எழுபத்தேழுக் கலவரத்தோடு தாய் தகப்பனுடன் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவள், வயல் வேலைக்குப் போகிறவள், பூட்டே இல்லாத வீட்டில் இருந்தவள். இத்தனை வருடத்தில் வன்னி ஆட்களைப் போல "ஓம்" என்று சொல்லப் பழகியிருந்தாய். கோபம் வந்தால் மட்டும் "ஆமா" எட்டிப் பார்க்கும். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது படப் பைத்தியம் ஒன்றுதான்.

அந்தப் படத்தை நீ முதலில் பார்த்தது ஏழு வயதில், தேயிலைத் தோட்டத்து மைதானத்தில். முக்கால்வாசி ஓடியதும் மழை பிடித்து, திரையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "அன்னிக்கிலேருந்து அந்தக் கத எனக்குள்ள தொங்கிக்கிட்டே நிக்குதுக்கா," என்பாய். எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்குப் பாட்டுகள் இருந்தால் காணும். உனக்குத்தான் கடைசி வேண்டும்.

அப்போது வன்னியில் மின்சாரம் ஏது? சிவலிங்கண்ணை தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வருவார். இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு வீசும் பொம்பர் விமானத்துக்குப் பயம் என்பதால் ஞாயிறு மத்தியானத்தில்தான் படம். உன் வீட்டு யன்னல்களுக்கு உரச்சாக்குக் கட்டி இருட்டாக்குவோம். ஜெனரேற்றர் இரைகிற இரைச்சலில் பொம்பர் வந்தாலும் கேட்காது. அதனால் ஒருவர் மாறி ஒருவர் வெளியே தள்ளிப்போய், வேலி மூலையில் இருந்து வானத்துக்குக் காது கொடுக்க வேண்டும். அதற்கு நாங்கள் காவல்முறை என்று பெயர் வைத்திருந்தோம். நீ பெரிய தந்திரக்காரி. அடிதடிக் காட்சி வருகிற நேரமாகப் பார்த்து உன் முறையை எடுத்துக்கொள்வாய். நான் எந்த நேரமும் போவேன். உள்ளே இருந்தாலும் என் காது எப்படியும் வெளியேதான் இருக்கும்.

நமது படம் வன்னியில் எத்தனை கசெற்றில் ஓடியதோ தெரியாது, எல்லாம் ஒரே கொப்பியிலிருந்து எடுத்த கொப்பிகள். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கசெற்றுக்குள் இரண்டு படத்தை அடைக்க நினைத்து, பாதிப் பாட்டை வெட்டி, முடிவையும் வெட்டியிருந்தான். மிச்சமிருந்த பாட்டுகளை மண்ணெண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காகச் சிவலிங்கண்ணை விரைவாக ஓட்டிவிடுவார். கதாநாயகி கோடு கோடாக விழுந்து எழும்பி ஓடுவாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய்.

கதை சின்னக் கதைதான். உப்பளத்தில் கூலி வேலை செய்கிற ஒருத்தி. புருசன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போகிறான். வருடங்கள் போகின்றன, ஒரு கடிதம்கூட இல்லை. கடைசியில் அவனோடு கப்பலில் இருந்த ஒருவன் அவனுடைய தகரப் பெட்டியைத் தோளில் வைத்தபடி உப்பளத்து வரம்பால் நடந்து வருகிறான். அவள் குனிந்த வேலையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த இடத்தில் திரை புள்ளி புள்ளியாகும், அடுத்த படத்தின் பெயர் ஓடத் தொடங்கும்.

மூன்றாவது தடவையும் அப்படியே நின்றபோது, "இது அநியாயம்" என்று எழும்பினவள் நீதான். "அக்கா, நீங்க கந்தோர் ஆளுதானே, ஒரு மனு எழுதுங்க. முழுப் படம் வேணும்னு எழுதுங்க." எனக்கும் அன்றைக்கு என்ன துணிச்சலோ, எழுதினேன். "கீழே கையொப்பமிடும் முரசுமோட்டை வாழ் ரசிகைகளாகிய நாங்கள் தங்களிடம் பணிவுடன் வேண்டிக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, பாடல்களை விரைவாக ஓட்டக்கூடாது, முடிவோடு கூடிய மூலப் பிரதியைத் தேடிப் பெற்றுக் காண்பிக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. பதினேழு பேர் ஒப்பம் வைத்தார்கள். முதல் ஒப்பம் உன்னுடையது. இதன் பிரதியை யாருக்கு அனுப்புவது என்று நான் உண்மையாகவே யோசித்தேன். அதைச் சொல்லிச் சொல்லி நீ ஒரு கிழமை சிரித்தாய்.

சிவலிங்கண்ணை மனுவை இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளையள், படத்தை வெட்ட எனக்கென்ன ஆசையே? ஒரிஜினல் வவுனியாவில கிடக்கெண்டு கதை. கிளாக்கர் அம்மா மாதா மாதம் கோப்பு கொண்டு போறாதானே. அவா கொண்டு வரட்டும். ஒரு பாட்டையும் வேகமா ஓட்டாமல் போடுறன், இது சத்தியம்."

பதினேழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.  இராணுவச் சோதனைச்சாவடியால் ஒரு மருந்துப் போத்தல் கொண்டு வருவதற்கே மூன்று நாள் நித்திரை கொள்ளாதவள் நான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏலாட்டி வேணாம்கா," என்றாய். ஏலாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் என் பெரிய பயம் சோதனைச்சாவடி அல்ல, படத்தின் முடிவு. உன் வீட்டுக்காரர் லொறியில் உதவியாளாகப் போனவர். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய கிழமை, மிளகாய் ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் போன லொறி. லொறியும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. நான் அயலுக்கு வந்த அடுத்த வருடம் பூநகரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, உன் ஆளைப் போல ஒருவரைக் கண்டதாகவும், அவர் செத்துவிட்டதாகவும் உன்னிடம் சொன்னார். அது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. தெரிவதற்குள் நான்கு நாள் நீ வாயில் ஒன்றும் வைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தாய். கரண்டியால் கஞ்சி பருக்கியவள் நான். உன் பற்கள் கரண்டியில் படுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து உன் வாசல் படலையைத் தெரியாத ஆள் யாராவது திறந்தால் நான் ஓடி வந்து முன்னுக்கு நிற்பேன்.

அந்த முறை வவுனியாவுக்குப் போய்வர மூன்று நாள் அனுமதிப் பாஸ். ஓமந்தைவரை பஸ்சில் போய், அதற்கு அங்கால் கோப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, வரிசையில் நின்று, போய்ச் சேர்ந்தேன். முல்லைத்தீவிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்த ஒரு முஸ்லிம் நானா அங்கே கசெற் கடை வைத்திருந்தார். வன்னியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் கேட்டது, "முல்லைத்தீவுப் பக்கம் போனீங்களா தங்கச்சி? எங்கட தெரு எப்பிடி இருக்கு?" என்றுதான். போகவில்லை என்றேன். கொஞ்சம் ஏமாந்துபோனார். படத்தின் பெயரைச் சொன்னதும் முகம் திரும்ப மலர்ந்தது. "என்னிட்ட இருக்கிறது ஒரு துண்டும் போகாத கொப்பி. இதுக்குத்தான் எத்தினை பேர் வாறாங்க தெரியுமா? எல்லாருக்கும் நான் குடுக்கிறதில்ல."

மூன்றாம் நாள் காலை கடை திறந்ததும் போனேன். இரண்டு டெக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படம் ஓடுகிற நேரம் முழுக்க இருந்துதான் பதிய வேண்டும். அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வன்னிக்குள் போகிற கசெற்றின் முதல் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவருடைய கலியாண வீட்டைப் பதிந்துவிட்டு, மூடியிலும் "கலியாண வீடு" என்று எழுதுவார்கள். சோதனை வாசலில் போட்டுப் பார்த்தால் தாலி கட்டுவது தெரியும், விட்டுவிடுவார்கள். நானா அதை முதலில் பதிந்துவிட்டுப் படத்தைப் போட்டார். நான் கதிரையில் கோப்புப் பையை மடியில் வைத்தபடி ஒரு கண்ணை மணிக்கூட்டிலும் ஒரு கண்ணைப் படத்திலும் வைத்திருந்தேன். நாம் பார்த்தே இராத பாட்டுகள் எல்லாம் வந்தன. நீ பக்கத்தில் இல்லையே என்று தோன்றியது.

பெட்டிக்காரன் வந்தான். இம்முறை திரை புள்ளியாகவில்லை. அவன் அவளருகே வந்து, பெட்டியை இறக்கி வைத்து, அவளுடைய புருசன் வரமாட்டான் என்று சொன்னான். கப்பலிலேயே காய்ச்சல், கடலிலேயே விட்டார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் படம் ஓடியது, நான் பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் என் மனம் உன் வீட்டுச் சுவரோரம் கரண்டியோடு நின்றது. இதை நான் கொண்டுபோய் என் கையாலேயே உனக்குக் காட்டப் போகிறேனா?

"நானா," என்றேன். "பெட்டி கொண்டு வாற இடம்வரைக்கும் காணும். மிச்சத்தை அழிச்சுத் தாங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வெட்டாத கொப்பிதான் வேணும், வேற எதுவும் வேணாமெண்டு ரெண்டு நாளா என்ர உயிரை எடுத்தது நீங்கதானே?"

"ஓம் நானா."

"ஆருக்கு இது?"

சொன்னேன். லொறி, பூநகரிக்காரர், நான்கு நாள், எல்லாவற்றையும் சொன்னேன்.  "தங்கச்சி, அவ சின்னப்பிள்ள இல்லயே," என்றார் அவர்.  நேரம் போகுது நானா, வாசல் பூட்டிப்போடுவாங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெறுமையாக விட்டால் வாசலில் ஏன் என்று கேட்பார்கள் என்று அவர் சொன்னார். முன்னுக்குப் போட்ட அதே கலியாண வீட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தின் மேலும் பதிந்து தந்தார். கசெற்றைக் கையில் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் சிப்பாய் ஒருவன் கசெற்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். "கல்யாணம்? யார்?" என்றான் அரைகுறைத் தமிழில். "தங்கச்சி," என்றேன். எனக்குத் தங்கச்சி இல்லை. அவன் திருப்பித் தந்துவிட்டான். ஓமந்தைக்கு வந்து பஸ்சில் ஏறிய பிறகுதான் அதைக் கோப்புப் பைக்குள் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீடு கொள்ளவில்லை. ஒப்பம் வைத்த பதினேழு பேரோடு ஒப்பம் வைக்காதவர்களும் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சிவலிங்கண்ணை சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு பாட்டும் முழுதாக ஓடியது. நீ முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாய். நடுவில் ஒருதரம் திரும்பி என்னைத் தேடி, கண்டதும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தாங்க முடியவில்லை. உப்பளத்தின் கடைசித் தொங்கலில் பெட்டிக்காரன் சின்னப் புள்ளியாகத் தெரிந்ததும் நான் எழும்பினேன்.

"எங்கை பிள்ளை, கடைசியெல்லே?" என்றா அயல் வீட்டுக் கமலமக்கா.

"பொம்பர் சத்தம் கேட்ட மாதிரிக் கிடக்கு. பாத்திட்டு வாறன்," என்றேன்.

வேலி மூலையில் போய் நின்றேன். வானத்தில் ஒரு காகம்கூட இல்லை. ஜெனரேற்றரின் இரைச்சலை மீறிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து நாதஸ்வரமும் மேளமும் கேட்டன. பிறகு ஒரே சிரிப்பு. "பாத்தியளே, கலியாணத்திலதான் முடியுது. நல்ல முடிவு," என்று கமலமக்காவின் குரல். "மாப்பிள்ளை வேற ஆளெல்லே," என்று இன்னொரு குரல். சாக்குகளை அவிழ்த்து, எல்லோரும் கதைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். உன்னுடைய சத்தம் மட்டும் கேட்கவில்லை.

நீ கடைசியாக வெளியே வந்து நேரே வேலி மூலைக்கு வந்தாய். உனக்கு அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. என் பக்கத்தில் குந்திக்கொண்டாய்.

"அக்கா, நீங்க அங்க முழுசாப் பாத்தீங்களா?"

"இல்லை," என்றேன். "வாசல் பூட்டுற நேரம் வந்திட்டுது. நானும் அவ்வளவுதான் பாத்தனான்." எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

நீ ஒரு தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாய். "அந்தாளு பெட்டிய வச்சிக்கிட்டு வர்ற நடையிலயே தெரியுதுக்கா. நல்ல சேதி கொண்டு வர்றவன் அப்பிடி நடக்க மாட்டான். அவ புருசன் வரமாட்டான்னு எனக்குச் சின்னதிலயே தெரியும்."

நீ தடியைக் கீழே போட்டாய்.

"அதுக்குப் பெறகு அவ என்ன செய்றாங்கறதுதான் எனக்குப் பாக்கணும். வரமாட்டான்னு தெரிஞ்சதுக்குப் பெறகு. மறுநாள் காலைல எந்திரிச்சு என்ன செய்வா? அத யாரும் காட்ட மாட்டேங்கறாங்களே," என்றாய். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு எழும்பிப் போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினாய்.

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். நான் பார்த்தேன், நான்தான் அழிக்கச் சொன்னேன், வா இருந்து சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை. பொய் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.  நீ என்னை இனி நம்பமாட்டாய் என்று பயம். நான்கு நாள் கிடந்தது போலக் கிடந்துவிடுவாயோ என்று அதற்கு மேல் ஒரு பயம். அடுத்த மாதம் நானாவிடம் போனபோது, அந்தக் கொப்பியை யாரோ கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், திரும்பி வரவில்லையாம். ஆக, அந்தப் பத்து நிமிடம் வன்னியிலேயே என் ஒருத்தியிடம்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் கந்தோரால் வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று படலைவரை வருவேன். நீ வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்பாய். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி?" என்பாய். "ஒண்டுமில்லை, தலையிடி" என்பேன். இரண்டு வருடம் எனக்குத் தலையிடி.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிச் சண்டையோடு ஊரே கிளம்பியது. நீ அக்கராயன் பக்கம் போன உழவு இயந்திரத்தில் ஏறினாய். என்னைக் கந்தோர் ஆட்களோடு மல்லாவிக்கு அனுப்பினார்கள். ஏறும்போது "போயிட்டு வாறன்கா, யோசிக்காம இருங்க," என்று கத்தினாய். மாரி மழை, தறப்பாள் கொட்டில், மலேரியாக் காய்ச்சல். மருந்துக் குளிசை கிடைப்பதற்குள் நீ போய்விட்டாய். எனக்குச் செய்தி வந்தது மூன்று கிழமைக்குப் பிறகு, கமலமக்காவின் கடிதத்தில். கடைசி நாட்களில் உனக்குக் கஞ்சி கொடுத்தது யார் என்று அவா எழுதவில்லை. நான் கேட்டு எழுதவுமில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

இன்று கடையில் அந்தத் தட்டை நான் ஏன் வாங்கவில்லை தெரியுமா? ஒரே ஒரு தடவை, வாசல் பூட்டுகிற அவசரத்தில், காது அடைத்த நிலையில் பார்த்தது. இத்தனை வருடமும் தூக்கித் திரிந்த அந்தப் பத்து நிமிடம் நான் நினைத்திருப்பது போல இல்லாவிட்டால் என்ன செய்வேன்? இனி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், என்னிடம் இருப்பதை இருக்கிறபடியே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்காரன் சொல்லி முடிக்கிறான். அவள் விழவில்லை, கத்தவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று அவனைக் கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுகிறாள். அவன் சாப்பிடச் சாப்பிட எதிரே இருந்து கேள்வியாகக் கேட்கிறாள். கப்பலில் என்ன வேலை செய்தார், யாரோடு சண்டை பிடித்தார், குளிருக்கு என்ன போர்த்தார். அவன் போன பிறகுதான் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே மூன்று சட்டை. ஒன்றை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுகிறாள். நெடுநேரம் அழுகிறாள், பின்னணி இசைகூட இல்லை. பிறகு கிணற்றடிக்குப் போய் மூன்றையும் தோய்த்துக் கொடியில் போடுகிறாள். அடுத்த நாள் காலை, நல்ல வெயில். உப்பளத்துக்குப் பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். அவளும் வருகிறாள். சேலைக்கு மேலே அவனுடைய சட்டை, கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருக்கிறாள். "பெருசா இருக்கே," என்கிறாள் பக்கத்தில் வருகிறவள். "வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு," என்கிறாள் இவள். குனிந்து உப்பை வாரத் தொடங்குகிறாள். அவ்வளவுதான்.

உன்னிடம் உன் வீட்டுக்காரரின் சட்டை ஏதாவது இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருந்திருந்தால், இதைச் சொன்ன அடுத்த நாளே அதைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போயிருப்பாய். நானும் படலையில் நின்று, "பெரிசெல்லே" என்று சொல்லியிருப்பேன்.

அந்த முடிவை எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலிக்கு மேலால் கூப்பிட்டே சொல்லியிருக்கலாம்.